விதி எண் நான்கு: வெள்ளைத் துண்டு

முப்பத்து நான்கு வருஷம் தாலுக்கா ஆபீஸில் அடுத்தவர் எழுதிய மனுவில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். 'மேற்படி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மேலே சொன்ன' என்று இருந்தால் போதும், மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். (எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேனோ, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.) அப்பேர்ப்பட்ட நான், சொந்தப் புத்தியில் வாழ்க்கையில் ஒரே ஒரு விதிமுறை எழுதினேன். ஒரு பக்கம், ஏழு விதிகள், ஒற்றுப்பிழை கூடக் கிடையாது. அதில் முதன்முதலாக மாட்டிய ஆளும் நான்தான். மாட்டிய கோலத்தை என் மகள் இன்னும் போனில் வைத்திருக்கிறாள்.

கொரோனா வந்த முதல் வருஷம் அது. எனக்கு அறுபத்தெட்டு வயது. திருவாரூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். மனைவி போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் தமிழ்ச்செல்வி சென்னையில் வேலையில் இருந்தாள். (பெயரைப் பார்த்தாலே நான் இளவட்டத்தில் எந்தக் கட்சிக்குக் கோஷம் போட்டேன் என்று தெரிந்துவிடும்.) சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, வலது காதுக்கு ஒரு மிஷின் (இடது காது எப்போதோ முழுசாகப் போய்விட்டது). இவ்வளவுதான் அப்போது என் குடும்பம்.

ஊரடங்கு போட்ட நாளிலிருந்து தமிழ்ச்செல்வி தினமும் போனில் பிடித்துக்கொள்வாள்.

"அப்பா, பாஸ் வாங்கி கார் அனுப்புறேன், இங்க வந்துடுங்க."

"எனக்கு இங்க என்ன குறைச்சல்?"

"திடீர்னு உடம்புக்கு ஒண்ணுன்னா கூப்பிட யாருப்பா இருக்கா?"

"நீ எதுக்கு அபசகுனமா பேசற? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"சரி, இருங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். உடம்பு முடியாம போயி நீங்க அத மறைச்சீங்கன்னு மட்டும் தெரிஞ்சுது, அன்னிக்கே வந்து கையோட கூட்டிட்டு வந்துடுவேன். அப்பறம் ஊருப் பேச்சே கிடையாது."

சொன்னால் செய்கிறவள்தான். அவளுடைய ஒன்பதாவது மாடி வீட்டில் ஒரு தடவை பன்னிரண்டு நாள் இருந்து பார்த்திருக்கிறேன். தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டாள், குறை சொல்ல முடியாது. ஆனால் என் வீடு, என் கிணறு, என் ஒரு ஏக்கர் வயல் இல்லாமல் நான் அங்கே யாராகவும் இல்லை. ஆகவே அந்த வருஷம் முழுக்க என் வேலை ஒன்றே ஒன்றுதான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மகளிடம் நிரூபித்துக்கொண்டே இருப்பது.

அடுத்த வீட்டுக் கலியபெருமாளைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் அப்பாவும் என் அப்பாவும் பண்ணையில் கூலிவேலை பார்த்தவர்கள். கூலியைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடி பிடித்து, ஒன்றாக அடி வாங்கி, ஒரே லாரியில் ஜெயிலுக்குப் போனவர்கள். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது ஆளுக்கு ஒரு ஏக்கர் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தது. நடுவில் ஒரு வரப்பு. அப்பாக்கள் அந்த வரப்பில் உட்கார்ந்து ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்தார்கள். பிள்ளைகள் நாங்கள் அந்த வரப்பு அரை அடி யார் பக்கம் நகர்ந்தது என்று சண்டை போட்டுப் பதினோரு வருஷம் பேச்சை நிறுத்திக்கொண்டோம். நான் சர்வேயரை வரவழைத்தேன். அவர் சங்கத்தைக் கூட்டினார். அதிலிருந்து அவர் பெயரை நான் உச்சரிப்பதில்லை, 'மேற்படி நபர்' என்றுதான் சொல்வேன். (அவர் என்னை என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது.)

இந்த நிலைமையில் எங்கள் ஊர் நர்ஸ் வசந்தி ஒரு நாள் ரேஷன் கடை வாசலில் வயதானவர்களைக் கூட்டினாள். தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நின்றோம்.

"பிள்ளைங்க வெளியூர்ல, பெரியவங்க மட்டும் தனியா இருக்கற வீடு நம்ம ஊர்ல நெறைய இருக்கு. தெனம் ஒவ்வொரு வீடா ஏறி எறங்க எனக்கு ஒடம்பு பத்தல. காலையில ஏழு மணிக்குள்ள வாசக் கேட்டுல ஒரு துண்டு போட்டுடுங்க. வண்டியில போறப்ப பாத்தே தெரிஞ்சுக்கறேன். நல்லா இருந்தா ஒரு கலரு, முடியலன்னா ஒரு கலரு. என்ன கலருன்னு நீங்களே சொல்லுங்க."

நான் விடுவேனா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதில யோசிக்க என்ன இருக்கு? வெள்ளைன்னா நலம். சிவப்புன்னா ஆபத்து" என்றேன்.

மூன்று வட்டம் தள்ளி நின்ற கலியபெருமாள் முகக்கவசத்தை இறக்கினார். பதினாறு வயதிலிருந்து தோளில் சிவப்புத் துண்டு போடுகிற மனுஷன்.

"செவப்புன்னா ஆபத்தா? எவன் சொன்னான்? ரயில்வேகாரன் சொன்னா நம்பிடறதா? குங்குமம் என்ன கலரு? கூரைப்பொடவை என்ன கலரு? நம்ம அப்பங்காரங்க புடிச்ச கொடி என்ன கலரு? வெள்ளத் துணி எப்ப போடறோம்? ஆளு போனப்பறம் கோடி போடறோம்! நல்லா இருக்கறவன் செவப்பு போடட்டும். முடியாதவன் வெள்ளை போடட்டும். என்ன நாஞ் சொல்றது?"

எங்கள் ஊரில் பாதி வீட்டில் கொடியே அந்தக் கலர்தான். எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். வசந்திக்குச் சண்டை முடிந்தால் போதும். "சரி, செவப்புன்னா நல்லா இருக்கோம், வெள்ளைன்னா வாங்க. ஐயா, நீங்கதான் அழகா எழுதுவீங்க, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

தோற்ற வழக்கின் தீர்ப்பைத் தோற்றவனே எழுதுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். விதி எண் நான்கில் மட்டும் என் முழுத் திறமையையும் காட்டினேன்: 'வெள்ளைத் துண்டு காணப்படின், கண்டவர் எவராயினும், முன்விரோதம் பாராது, கதவு உள்ளே தாழிடப்பட்டிருப்பினும், உடனடியாக உட்புகுந்து உதவுதல் வேண்டும்.' அந்த 'இருப்பினும்' எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது. ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு ஒட்டினார்கள்.

திட்டம் நன்றாகவே நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் வசந்தி ஸ்கூட்டரில் ஒரு சுற்று வந்தால் பத்து நிமிஷத்தில் ஊர் நிலவரம் தெரிந்துவிடும். மிச்ச நேரத்தில் மாத்திரை கொண்டு வந்து கொடுப்பாள், சர்க்கரை பார்ப்பாள், கபசுரக் குடிநீரைக் குடிக்கும்வரை கேட்டில் நின்று முறைப்பாள். சமைக்க முடியாதவர்களுக்கு மகளிர் குழுப் பெண்கள் சாப்பாடு கொண்டு போனார்கள். ஊரடங்கைப் பார்க்க வந்த போலீஸ்காரர் மட்டும் தெரு முழுக்கச் சிவப்பாகத் தொங்குவதைப் பார்த்து, என்ன போராட்டம் என்று ஜீப்பை நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனால் என் வீட்டில் சிவப்புத் துண்டா? மேற்படி நபர் ஜெயித்துவிட்டார் என்று நானே தினமும் கேட்டில் அறிவிப்பதா? என்னிடம் இருந்தவை எல்லாம் வெள்ளைத் துண்டு, ஓரத்தில் கறுப்பும் சிவப்புமாகக் கட்சிக் கரை. அந்தக் கரை தெருப்பக்கம் தெரிகிற மாதிரி மடித்துப் போட்டேன்.

"ஐயா, செவப்புல்ல போடணும்?" என்றாள் வசந்தி.

"விதியில 'சிவப்பு'ன்னுதான் இருக்கு. 'முழுச் சிவப்பு'ன்னு எங்கம்மா இருக்கு? கரையப் பாரு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வீட்டிலிருந்து, "அரைச் செவப்பு!" என்று ஒரு குரல் வந்தது. காது மிஷின் போட்டிருந்தும் கேட்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

குறுவை நடவு சமயம். வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கப் போய் மழையில் நனைந்தேன். இரண்டு நாளில் தொண்டை கரகரத்தது, உடம்பு காய்ந்தது. காபி மண் மாதிரி இருந்தது. பாலில் என்னத்தைக் கலக்குறே என்று பால்காரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். (அந்த அம்மாவிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.) என்னவாக இருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் சொன்னால் கார் வந்துவிடும். போனில் மகளிடம் குரலைக் கணீரென்று வைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தேன். அந்த நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது.

மறுநாள் காலையில் எழுந்தால் தலை சுற்றியது. தட்டுத்தடுமாறிப் போய்த் துண்டைக் கேட்டில் வீசிவிட்டு உள்ளே வந்தேன். ஆவியில் வேது பிடித்தால் சரியாகிவிடும் என்று கணக்கு. வேலியில் நொச்சி ஒடித்துப் போட்டுக் குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். வசந்தி பார்த்துவிடக் கூடாது என்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். ஆவி பட்டால் காது மிஷின் கெட்டுவிடும், அதைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது. பட்டாபட்டி அண்டர்வேரோடு கூடத்தில் உட்கார்ந்து, கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டு, குண்டானைத் திறந்தேன்.

வெளியே நடந்தது எனக்குக் கேட்கவில்லை. கலியபெருமாளின் மனைவி பாக்கியம் அண்ணி பிறகு சொல்லித்தான் தெரியும்.

நான் வீசிய துண்டில் கரை முழுக்க உள்பக்கம் போய்விட்டது. தெருவிலிருந்து பார்த்தால் பால் வெள்ளை. மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பிய கலியபெருமாள் அதைப் பார்த்து நின்றார். "இந்தா பாக்கியம், அவன் வெள்ளை போட்டிருக்காண்டி" என்றார். கேட்டைத் தட்டினார். கத்தினார். பதினோரு வருஷமாக வாயில் வராத என் பெயரைச் சொல்லி, "டேய் ரத்தினம்! ரத்தினசாமீ!" என்று தெருவே கூடும்படி கூப்பிட்டார். பதில் இல்லை. ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தால் இருட்டில் ஒரு கம்பளி மூட்டை, அதிலிருந்து புகை.

"ஐயையோ, கொளுத்திக்கிட்டாண்டா!"

மண்வெட்டிக் காம்பை நெம்புகோலாகக் கொடுத்துக் கதவை ஒரே தள்ளு. தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது. வாசலில் வருகிறவர்கள் கை கழுவ நான் வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே என் தலையில் கவிழ்த்தார்.

கொதிக்கிற ஆவியில் இருந்தவன் மேல் ஒரு வாளிச் சோப்புத் தண்ணீர். ஒரு விநாடி செத்தே போனேன் என்றுதான் நினைத்தேன். கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தால் குண்டான் கவிழ்ந்து கூடமெல்லாம் நொச்சி இலை. எதிரே மேற்படி நபர், கையில் காலி வாளி. பதினோரு வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்:

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. கிட்டே வந்து என் காதுக்குள்ளேயே கத்தினார்.

"விதி நாலு! நீ எழுதுன விதி நாலுடா! முன்விரோதம் பாராது! தாழிடப்பட்டிருப்பினும்! அந்தப் 'பினும்' வரைக்கும் மனப்பாடமா வச்சிருக்கேன்!"

"நான் எங்க வெள்ளை போட்டேன்? கரை போட்டிருக்கேன்!"

"கரையுமில்ல கொளமுமில்ல. வந்து பாரு!"

இங்கேதான் என் தலைமை எழுத்தர் புத்தி என்னைக் கவிழ்த்தது. காய்ச்சலில் கால் தள்ளாடுகிறது, உடம்பில் பட்டாபட்டி தவிர ஒன்றுமில்லை, தலையில் நொச்சி இலை, காதோரம் சோப்பு நுரை. அந்தக் கோலத்தில், விதியில் நான்தான் சரி என்று காட்டுவதற்காக விறுவிறுவென்று கேட்டுக்குப் போனேன். தெருவே முகக்கவசத்தோடு ஆறடி ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. நான் துண்டைப் பார்த்தேன். தெரு என்னைப் பார்த்தது. யாரோ போனைத் தூக்கினார்கள்.

அதற்குள் வசந்தி வந்துவிட்டாள். யாரையும் சிரிக்க விடவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். சைகையிலும் சத்தத்திலுமாக, தலையிலிருந்த இலையைக் காட்டி, "ஐயா, நொச்சி வாசன தெரியுதா?" என்று கேட்டாள்.

முகர்ந்தேன். இலையைக் கசக்கி மூக்கோடு வைத்து மறுபடி முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. நான் நின்ற இடத்தில் தெருவே நொச்சியாக மணந்திருக்கும். எனக்கு மட்டும் இல்லை. அதுவரை இருந்த கோபம், வெட்கம் எல்லாம் போய்விட்டது. எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே பயம்.

விரலில் ஆக்சிஜன் பார்க்கிற மிஷினை மாட்டிப் பார்த்த வசந்தி அளவைச் சொல்லவில்லை, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். எனக்கு வெடவெடவென்று நடுங்கியது. கலியபெருமாள் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவி என்மேல் போர்த்தினார். "தொடாதீங்க பெரியப்பா, தள்ளி நில்லுங்க!" என்று வசந்தி கத்தினாள். "இனிமே என்னாத்த தள்ளி நிக்கிறது?" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

இப்படியாக, ஜென்மத்தில் சிவப்புத் துண்டு போடாதவன் சிவப்புத் துண்டோடு ஆம்புலன்ஸில் ஏறினேன். எனக்கு முன்னால் என் படம் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டது. "அழுதுட்டேன்ப்பா. அப்பறம் அந்தப் பட்டாபட்டியப் பாத்து சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டும் சேந்து வந்து விக்கல் எடுத்துடுச்சு" என்று பிறகு சொன்னாள் தமிழ்ச்செல்வி.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். முதல் நாள் காது மிஷின் இல்லாததால், கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் அதை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, போனோடு சேர்த்து ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை, கண்ணாடிக்குள் கண் மட்டும்தான் தெரியும். "இன்னும் ரெண்டு நாள் வீட்டுலயே மறைச்சிருந்தீங்கன்னா கஷ்டம் தாத்தா" என்று அந்தக் கண் சொன்னது. கவச உடைக்குள் வேர்த்துக் கொட்ட எனக்குக் கஞ்சி ஊட்டிய நர்ஸ் பெண்ணின் பெயர் கூடத் தெரியாது. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

தினமும் காலையில் ஒரு போன் வரும்.

"என்ன, செத்துட்டியா?"

"இல்ல."

"சரி."

வைத்துவிடுவார். அந்த ஒரு 'சரி'க்காக நான் விடியற்காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஐந்தாவது நாள் வசந்தி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. என்னைத் தொட்டதால் கலியபெருமாளையும் பாக்கியம் அண்ணியையும் பதினான்கு நாள் வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். நடவு நேரம்! நாற்று முற்றினால் அந்தப் போகமே போச்சு. போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். மகளிர் குழுப் பெண்கள் தள்ளித் தள்ளி நின்று அவர் வயலையும் நட்டு, கேட்காமலேயே என் வயலையும் நட்டுவிட்டார்கள். அவருக்கும் அண்ணிக்கும் நோய் ஒட்டவில்லை என்று தெரிந்த அன்று கட்டிலில் படுத்தபடி அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டார்.

நான் வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்துத் தமிழ்ச்செல்வி காரோடு வந்து இறங்கினாள். சொன்ன சொல் மாறவில்லை. பெட்டியை எடுத்து வைத்து வேட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"மறைச்சீங்கல்ல? கிளம்புங்க."

வாதாட எனக்கு என்ன இருக்கிறது? மறைத்தேன்தான். செத்திருப்பேன்தான். நாற்காலியில் உட்கார்ந்து அவள் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் வழியே கலியபெருமாள் தெரிந்தார். வாசலோடு நின்றுகொண்டார்.

"தமிழு, கூட்டிட்டுப் போறியா?"

"ஆமா பெரியப்பா. இவர இனிமே தனியா விட எனக்கு மனசு இல்ல."

"நல்லதுதான். உன் வீடு எத்தினாவது மாடி?"

"ஒம்பது."

"நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிடுவீங்க, பேத்தி காலேஜுக்குப் போயிடும். இவன் புத்திதான் தெரியுமே, முடியலன்னா கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடப்பான். அங்க எவன் வந்து ஒடைப்பான்? எனக்கு முட்டி வலி. ஒம்பது மாடி ஏற முடியாது."

தமிழ்ச்செல்வி கையில் வேட்டியோடு அப்படியே நின்றாள். பிறகு வேட்டியைக் கட்டிலில் போட்டாள். அடுப்படிக்குப் போய் ஒரு கத்தியைக் கொண்டுவந்து, கதவில் பாதி தொங்கிக்கொண்டிருந்த தாழ்ப்பாளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றியதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இருங்க. ஆனா இந்த வீட்டுக்கு இனிமே தாழ்ப்பாள் கிடையாது" என்றாள்.

நானும் வேறு போட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை இல்லை. கலியபெருமாள் காலையில் ஆறு மணிக்குக் கேட்காமல் உள்ளே வருகிறார், என் காபியைக் குடித்துக்கொண்டே என் காபியைக் குறை சொல்கிறார், சர்க்கரை மாத்திரை போட்டேனா என்று அட்டையை எண்ணிப் பார்க்கிறார். வரப்புச் சண்டை தீரவில்லை. ஆனால் இப்போது நேருக்கு நேர் கத்திக்கொள்கிறோம், உடம்புக்கு நல்லது. தடுப்பூசி போட வசந்தி கூப்பிட்டபோது இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம்.

என் மகள் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அதுவும் பாதி பாதியாக. போன வருஷம் பேத்தியைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊர் வீட்டுக்குக் கதவே சரியில்ல, தாழ்ப்பாள் இல்லன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. வயசான காலத்துல தனியா இருக்கீங்க. பயமா இல்லீங்களா?"

"தாழ்ப்பாள் இல்லாம என்னங்க, இருக்கு" என்றேன். "பக்கத்து வீட்டுல இருக்கு. பேரு கலியபெருமாள்."